மீதி இடத்தில் எழுதிய பெயர்

இரட்டை இலை போடுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை சுண்ணாம்புச் சுவரில் போட்டுப் பார்க்க வேண்டும். காம்பிலிருந்து இரண்டு இலையும் பிரிகிற இடம்தான் வினை. அங்கே கை நடுங்கினால் இலை முயல் காதாகிவிடும். "கட்சிக்காரன் பாத்தான்னா காசு தர மாட்டான்டா" என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார். அதற்காகவே எக்ஸ்ரே ஃபிலிமில் இலையை வெட்டி வைத்திருந்தார். யாருடைய நெஞ்சுக்கூடோ தெரியாது. விலா எலும்புகளுக்கு நடுவில் இரண்டு இலை ஓட்டையாக இருக்கும். சுவரில் அழுத்திப் பிடித்துத் துணிப்பந்தால் பச்சையை ஒற்றி எடுத்தால் நொடியில் சின்னம் தயார். பிறகு பிரஷ்ஷால் நரம்பு இழுப்பது மட்டும்தான் பாக்கி. அந்த நரம்பை இழுக்கும் வேலைதான் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு.

பள்ளிகொண்டாவில் அப்போது சுவர் எழுத வாத்தியாரையும் என்னையும் விட்டால் ஆள் குறைவு. பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதர் படுத்திருக்கிற ஊர் எங்களுடையது. சாமியே படுத்துக் கிடக்கிற ஊரில் யாரிடமும் சுறுசுறுப்பை எதிர்பார்க்காதே என்பது வாத்தியாரின் நிரந்தர நகைச்சுவை. ஊருக்குள் வேலை கொஞ்சம். ஆற்றைத் தாண்டி வடமேற்கே போனால் குடியாத்தம், அதற்கப்பால் பேரணாம்பட்டு. நெடுஞ்சாலையோடு மேற்கே போனால் ஆம்பூர். தேர்தல் அறிவித்துவிட்டால் டி.வி.எஸ். வண்டியில் முன்னால் சுண்ணாம்பு வாளி, பின்னால் நான், என் மடியில் வர்ண டப்பாக்கள். மாலையில் திரும்பும்போது ஷூ கம்பெனி பஸ்கள் எதிரே வரும். ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் பெண்களின் முகங்கள் வரிசையாகப் போகும். நாங்கள் எழுதியதைப் படிக்கிறவர்கள் அவர்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன். தூக்கத்தில் எங்கே படிப்பது!

பொடி வர்ணம் சுவரில் நிற்க வேண்டுமென்றால் வஜ்ஜிரம் காய்ச்சிக் கலக்க வேண்டும். வஜ்ஜிரம் என்றால் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற பசை. தோலைச் செதுக்கும்போது உட்புறத்தில் உரிந்து விழுகிற சவ்வு கூட வீணாகாது, பசைக்குத்தான் போகும். தகர டப்பாவில் அது கொதிக்கும்போது வருகிற வாடை, டேனரி கால்வாய்ப் பக்கம் அடிக்கிற வாடைக்குத் தங்கை. அந்தப் பசையில்தான் எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ.க்களின் பெயர்கள் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் ஃபெவிகால் வந்தது. வாடை போனது. பெயர்களும் முன்போல நிற்பதில்லை என்று வாத்தியார் குறைபடுவார். அவர் பசையைத்தான் சொன்னார், அரசியலைச் சொல்லவில்லை.

நான் அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தது 1989 ஜனவரியில், பள்ளிக்கூடத்துப் பொங்கல் விடுமுறையில். எம்.ஜி.ஆர். இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடங்கிப்போயிருந்தது. ஜானகி அம்மாள் அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜனவரி 21 வாக்குப்பதிவு. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்கள் ஊரெல்லாம் புதுசாக நின்றதால் சுவர் பிடிப்பதில் பெரிய அடிதடி. எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டிக்குள் தூங்கியது. வாத்தியார் கையாலேயே சேவல் போட்டார். கொண்டைக்குச் சிவப்பு, வாலுக்குப் பச்சையும் கறுப்பும், கண்ணுக்குத் துணிக்குப் போடுகிற நீலத்தில் ஒரே ஒரு பொட்டு. புறா போடச் சொல்லியும் ஆட்கள் வந்தார்கள். அதையும் போட்டார். ஆனால் சேவலில் இருந்த ஆசை புறாவில் இல்லை. "புறா சாதுடா. சேவல்னா இன்னா திமிரு பாரு" என்றார். அந்தத் தேர்தலில் ஜெயித்தது தி.மு.க. சேவலும் புறாவும் அடுத்த மாதமே ஒன்று சேர்ந்தன. இலை திரும்பி வந்தது. ஃபிலிமைத் துடைத்து வெளியே எடுத்தோம். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அதை உள்ளே வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

2016 மே மாதத் தேர்தலுக்குள் ஊர்களை ஃப்ளெக்ஸ் தின்றுவிட்டிருந்தது. நகரத்துச் சுவரில் எழுதக் கூடாதென்று கெடுபிடி வேறு. கிராமத்தில் மட்டும், வீட்டுக்காரர் சம்மதித்தால் எழுதலாம். வாத்தியாருக்குக் கண்ணில் புரை. நூல் அடித்துக் கோடு போடுவதோடு நிறுத்திக்கொண்டு, எழுத்தை என்னிடம் விட்டுவிட்டார். குடியாத்தம் தனித் தொகுதிக்கு அ.தி.மு.க.வில் ஜெயந்தி பத்மநாபன். ஆம்பூருக்கு ஆர். பாலசுப்பிரமணி. இருவரையும் நான் பக்கத்தில் பார்த்ததில்லை. பெயரில் எத்தனை எழுத்து, சுவரில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

இந்த அகல விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பேரணாம்பட்டுச் சாலையில் ஒரு கிராமம். நல்ல நீளமான சுவர். கிளைச் செயலாளர் கூடவே நின்று அளந்தார். "அம்மா பேரு பெருசா இருக்கணும்பா. தூரத்துலருந்து தெரியணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். முக்கால் சுவர் ஜெயலலிதா அம்மாவுக்கு. இலைக்கு ஒரு சதுரம். 'அவர்களின் நல்லாசி பெற்ற வெற்றி வேட்பாளர்' என்பதற்கு ஒரு வரி. அதற்குப் பிறகு மூலையில் மிச்சமாகிற ஒரு முழத்தில் வேட்பாளர் பெயர். ஜெயந்தி பத்மநாபன் என்பது நீளமான பெயர். 'பத்ம' வரை வந்தபோதே சுவர் முடிகிறது போல இருந்தது. எழுத்தை நெருக்கி, 'நாபன்' என்பதை எறும்பு வரிசையாக்கி முடித்தேன். "பேரு சின்னதா இருக்குதேண்ணா" என்றேன். அவர் சிரித்தார். "யாரு பேரைப் பாத்துப்பா ஓட்டுப் போடறாங்க?"

அவர் சொன்னது பொய்யில்லை. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு மே 16 வாக்குப்பதிவு. இரண்டு பேருமே ஜெயித்தார்கள். மீதி இடத்தில் எழுதின பெயர்கள் கோட்டைக்குப் போயின. டிசம்பர் 5ஆம் தேதி சுவரில் முக்கால் பங்கு பிடித்திருந்த பெயருக்குரியவர் இறந்துபோனார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் ஊர்ச் சாலையில் நடந்த மாதிரிதான் என் நினைவில் இருக்கிறது. கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்கள் அடைந்து கிடக்க, 2017 பிப்ரவரி 14 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மறுநாள் ஜெயலலிதாவின் தோழி சசிகலா மெரினா சமாதியில் மூன்று முறை கையால் அடித்துச் சபதம் செய்துவிட்டு, பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறைக்குக் காரிலேயே கிளம்பினார். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போவார்கள். பிற்பகலில் டீக்கடை வாசலில் கூட்டமாக நின்றோம். கார்கள் வரிசையாக வந்தன. ஒன்றும் நிற்கவில்லை. "போச்சா?" என்று கேட்டார் வாத்தியார். அவருக்குக் கண் தெரியவில்லை. "போச்சு" என்றேன்.

பிப்ரவரி 18 சட்டமன்றத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு வென்றார். எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் ஓ. பன்னீர்செல்வம் பக்கம். நம் ஆம்பூர், குடியாத்தத்துக்காரர்கள் அன்று பழனிசாமிக்குத்தான் கை தூக்கினார்கள். இதை மறக்கக் கூடாது. மார்ச்சில் இலை மறுபடி முடங்கியது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு ஒரு பக்கம் தொப்பி, இன்னொரு பக்கம் இரட்டை மின்கம்பம். "மின்கம்பம்லாம் ஒரு சின்னமா? அதுக்கு ஆர்ட்டிஸ்ட் எதுக்கு, ஸ்கேல் போதுமே" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தேர்தலே ரத்தானது. ஜூலையில் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 55 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 5 ஆயிரமாக உயரும் என்று அறிவித்தார்கள். நம் இரண்டு பேரும் அந்தப் பதவியில் இருந்தது அதற்கப்புறம் இரண்டே மாதம்.

ஆகஸ்ட் 21ஆம் தேதி பழனிசாமியும் பன்னீர்செல்வமும் கைகோத்துக்கொண்டார்கள். மறுநாள் சசிகலாவின் உறவினர் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 19 பேர் ஆளுநர் வித்யாசாகர் ராவைப் பார்த்து, முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று தனித்தனியாகக் கடிதம் கொடுத்தார்கள். அதில் எங்கள் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். ஆம்பூர் பாலசுப்பிரமணி, குடியாத்தம் ஜெயந்தி பத்மநாபன், சோளிங்கர் என்.ஜி. பார்த்திபன். கடிதம் கொடுத்த கையோடு புதுச்சேரி விடுதி, பிறகு குடகு விடுதி. 19இல் கம்பம் ஜக்கையன் மட்டும் திரும்பிப் போய்விட்டார். செப்டம்பர் 18, திங்கட்கிழமை, பேரவைத் தலைவர் தனபால் மற்ற 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார்.

மறுநாள் செவ்வாய், பொய்கை மாட்டுச் சந்தை. மாடு பார்க்கப் போன மச்சானோடு நானும் போயிருந்தேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த தரகர் ஒருவர், கையை எடுக்காமலே கேட்டார். "இன்னா நைனா, உங்க எம்.எல்.ஏ.வை வூட்டுக்கு அனுப்சிட்டாங்களாமே?" எங்கள் எம்.எல்.ஏ. இல்லை, நாங்கள் அணைக்கட்டுத் தொகுதி, அங்கே தி.மு.க.வின் நந்தகுமார் என்று விளக்கினேன். "எவனா இருந்தா இன்னா, பேரு நீ எழுதினதுதானே" என்றார். சந்தையே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. அரசமைப்பின் பத்தாவது அட்டவணை. காலையில் ஒரு கட்சி மாலையில் ஒரு கட்சி என்று விலைபோகிறவர்களை நிறுத்துவதற்காகக் கொண்டுவந்தது. தானாக முன்வந்து கட்சியை விட்டால் பதவி போகும். நம் ஆட்கள் கட்சியை விட்டதாக ஒருநாளும் சொல்லவில்லை. ஆளுநரிடம் போனதே விட்டதற்குச் சமம் என்றார் பேரவைத் தலைவர். சட்டமன்றத்திலேயே அரசை எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேருக்குப் பதவி இருந்தது. அவர்களில் ஒருவர் துணை முதல்வராகவே ஆகிவிட்டார். கடிதம் மட்டும் கொடுத்தவர்களுக்குப் போனது. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஒரு பக்கம் கோணலாகவே தெரிகிறது. அந்த 18 பேரை நான் தியாகிகள் என்று சொல்ல வரவில்லை. குடகு மலை விடுதியில் யாரும் தியாகம் செய்ய முடியாது. தொகுதிக்காரன் போன் செய்தால் எடுக்காத நாட்கள் அவை.

வழக்கு நடந்தது. வழக்கு முடியும்வரை இடைத்தேர்தல் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 ஜூன் 14 தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவதாக நீதிபதி சத்தியநாராயணனிடம் போனது. பதவி போனவர்கள் குற்றாலத்தில் விடுதி எடுத்துத் தங்கிக் காத்திருந்தார்கள். அக்டோபர் 25 அன்று அவரும் செல்லும் என்றார். மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

இதற்குள் வருஷம் ஒன்றுக்கு மேல் ஓடிவிட்டது. எம்.எல்.ஏ. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஆண்கள் டீக்கடையில் சுலபமாகப் பேசினோம். குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு அப்படிப் பேச முடியவில்லை. மகளுக்கு விடுதி இடம் வேண்டி ஒரு அலுவலகத்துக்கு அலைந்தாள். எம்.எல்.ஏ. லெட்டர் கொண்டா என்றார்கள். எம்.எல்.ஏ. இல்லையே என்றாள். அப்படியானால் லெட்டர் இல்லாமல் எப்படி என்றார்கள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அணைக்கட்டு எம்.எல்.ஏ.விடம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "அவரு எங்க தொகுதி இல்லியேடா, தம்பி. கையெழுத்துக்குக்கூட எல்லை இருக்குது" என்றாள். குடியாத்தத்தில் எம்.எல்.ஏ. அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அதன் படியில் ஒருவர் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இதே குடியாத்தம்தான் 1954இல் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. முதல்வராகிவிட்டார், உட்கார இடமில்லை. இந்த ஊர் கொடுத்தது. தி.மு.க.வே அவரை ஆதரித்தது. அந்தக் கதையை என் மாமியார் வீட்டுப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். முதலமைச்சருக்கு நாற்காலி போட்ட ஊர், பிறகு தன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. 2019 மேயில் தி.மு.க.வின் காத்தவராயன் வந்தார். ஒன்பது மாதம்தான், 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். மறுபடி 2021 தேர்தல்வரை காலி. கூட்டிப் பார்த்தால் அந்த ஐந்து வருஷத்தில் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் குடியாத்தத்துக்கு எம்.எல்.ஏ. இல்லை.

2019 ஏப்ரலுக்கு வருகிறேன். பாலசுப்பிரமணியும் ஜெயந்தி பத்மநாபனும் தினகரனின் அ.ம.மு.க. சார்பில் அதே தொகுதிகளில் நின்றார்கள். வாக்குப்பதிவு ஏப்ரல் 18. சின்னம் கிடைத்ததோ மார்ச் மாதக் கடைசியில், நீதிமன்றம் போய் வந்த பிறகு. பரிசுப் பெட்டி. அதே கிராமம், அதே சுவர், அதே பெயர். கிளைச் செயலாளர் மட்டும் வேறு. பழையவர் இலையோடு தங்கிவிட்டார்.

பரிசுப் பெட்டி போல ஓர் எரிச்சல் பிடித்த சின்னத்தை நான் வரைந்ததில்லை. சதுரம் சரி, மேலே ரிப்பன் முடிச்சு இருக்கிறதே, அது பட்டாம்பூச்சி மாதிரியும் இருக்கும், வாழைப்பூ மாதிரியும் இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் புதுசாக வெட்டினேன். இந்த முறை யாருடைய முழங்காலோ. வெட்டி முடித்ததும் வாத்தியாரிடம் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். "இன்னாடா இது, சோப்பு டப்பாவா?" என்றார். அந்தச் சுவரில் 2016இல் எழுதியதைச் சுண்ணாம்பால் இரண்டு முறை பூசியும் அம்மாவின் பெயர் நிழலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. நல்ல எனாமல், போகாது. மூலையில் நெருக்கி எழுதியிருந்த வேட்பாளர் பெயர் மட்டும் ஒரே பூச்சில் மறைந்துவிட்டது. இப்போது அந்தப் பெயரை நடுச்சுவரில் பெரிதாக எழுத இடம் இருந்தது. எழுதினேன். 'ஜெயந்தி பத்மநாபன்' முழு அகலத்துக்கும் வந்தது. அந்தப் பெயரை அவ்வளவு பெரிதாக நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அந்த வழியே போன கிழவி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "இது யாரு தம்பி, புது ஆளா?" என்று கேட்டாள்.

வேலூர் மக்களவைத் தொகுதியில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பணம் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, அந்தத் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆம்பூர், குடியாத்தம் இடைத்தேர்தல் மட்டும் நடந்தது. அதனால் ஏப்ரல் 18 அன்று ஆற்றுக்கு அக்கரையில் அக்கா விரலில் மை, இக்கரையில் என் விரல் வெறுமை. தமிழ்நாடே ஓட்டுப் போட்ட நாளில் பள்ளிகொண்டாவில் என் கடை ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு ஆகஸ்ட் 5தான் வாய்த்தது.

மே 23 பரிசுப் பெட்டி ஓர் ஊரிலும் திறக்கவில்லை. ஆம்பூரில் தி.மு.க.வின் வில்வநாதன், குடியாத்தத்தில் காத்தவராயன். அந்த 18 பேரில் செந்தில் பாலாஜி முன்பே தி.மு.க.வுக்குப் போய் அரவக்குறிச்சியில் ஜெயித்து, பிறகு மந்திரியாகவும் ஆனார். தங்க தமிழ்ச்செல்வனும் அந்தப் பக்கம் போனார். ஒரே பள்ளத்தில் விழுந்தாலும் ஏறுவதற்குக் கயிறு எல்லாருக்கும் ஒரே நீளத்தில் கிடைப்பதில்லை போலும். எனக்குப் பரிசுப் பெட்டிக்கு வர வேண்டிய பாக்கி நான்கு சுவர்க் கூலி. கேட்கப் போனால், ஆளே ஊரில் இல்லை.

2021 பிப்ரவரி 8, சசிகலா விடுதலையாகி அதே சாலையில் திரும்பி வந்தார். பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது, வழியெல்லாம் வரவேற்பு. எங்கள் ஊரை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எந்தக் காரில் இருந்தார் என்று டீக்கடையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்று "போச்சா?" என்று கேட்க வாத்தியாரும் இல்லை. அதற்கு முந்தின ஆடியில் போய்விட்டிருந்தார்.

அவர் கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெயர்ப் பலகை எழுதப் போனேன். ஏணி எடுக்க மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தேன். பழைய தெருச் சுவரையே பின்சுவராக வைத்து, முன்னால் கூரை இறக்கிக் கட்டிய கொட்டகை. மழையும் வெயிலும் படாத அந்தச் சுவரில், வைக்கோல் போருக்கு மேலே, சேவல் நின்றிருந்தது. சிவப்புக் கொண்டை, பச்சையும் கறுப்புமாக வால். வேட்பாளர் பெயர் இருந்த இடத்தை மாடு உரசி உரசி வெறும் செங்கல்லாக்கியிருந்தது. வீட்டுப் பையன் கூடவே வந்தான். "எங்க தாத்தா வரைஞ்சதுண்ணா" என்றான் பெருமையாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் இருந்த பொட்டு மட்டும் உரிந்திருந்தது. வண்டிப் பையில் தேடினேன். நீலம் இல்லை.